கட்டாருக்கு அடித்தால் துரை பங்களா

எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது. அது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் மற்றவர்களுக்கு ஆபத்தாகிவிட்டது. ("நீங்கள் பாதை சொன்னால் கண்டிக்குப் போறவன் காலியிலதான் போய் நிப்பான்" என்பாள் என் மனைவி.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஒரு சிறு கம்பனியில் சேர்ந்திருந்தேன். மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்டர்நெட் தொலைபேசிப் பெட்டி பூட்டும் வேலையை முதன்முறையாக என்னைத் தனியே நம்பிக் கொடுத்தார்கள். தோட்டத்துக்குள்ளும் பேசலாம், வெளிநாட்டுக்கும் மலிவாகப் பேசலாம்.

எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று பெட்டிக்குள் வரிசையாக எழுதிவைக்க வேண்டும். பெட்டி அதை மேலிருந்து கீழாக வாசிக்கும்; முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். தோட்டத்தில் மனேஜரைத் துரை என்பார்கள்; அவருக்கு மேலே யாரும் இருக்கலாமா? "சைபரில் தொடங்கினால் துரை பங்களா" என்று மரியாதையாக முதல் வரியில் போட்டேன். "இரண்டு சைபர் என்றால் வெளிநாடு" என்பது அதற்குக் கீழே. வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும். பெட்டி அந்த ஒன்பதை வெட்டிவிட்டு மிச்சத்தை வாசிக்கும். பங்களாவுக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். மணி கேட்டது. பெருமை தாங்கவில்லை.

முதல் அழைப்பு பாக்கியம் அக்காவுக்கு. கொழுந்து பறிப்பவர்; மகன் கட்டாரில் வேலை. பெண் வீட்டார் டயகமவிலிருந்து பெண்ணோடு வந்து தோட்ட ஆபீஸில் காத்திருந்தார்கள். மகன் சரி என்றால் வெற்றிலை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள். அவனுக்கோ சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பேச முடியும்.

எளிமையாகச் சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தேன். "அக்கா, இது கம்பியில போற பழைய போன் இல்லை, இன்டர்நெட்டில போறது. முதல்ல ஒன்பதாம் நம்பருக்குப் போங்கோ. அங்கயிருந்துதான் வெளிநாட்டுக்குப் போகலாம்." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஆபீஸ் மேசையில் போன் இல்லை. பாக்கியம் அக்கா இல்லை, பெண் வீட்டாரும் இல்லை.

"எல்லாரும் ஒம்பதாம் நம்பருக்குப் போயிட்டாங்க. நீங்கதான சொன்னீங்களாம்?" என்று காவல்காரர் மலை உச்சியைக் காட்டினார்.

தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கெல்லாம் நம்பர்தான் பெயர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. செல்போன் வைத்திருந்த ஓரிருவர் சிக்னல் தேடி ஏறுவதும் அதே மலைக்குத்தானாம். (ஆகவே என் பேச்சில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.) தூறலில் விழுந்தெழும்பி ஏறினேன். உச்சியில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே, வெற்றிலைத் தட்டில் என் போன் வயர் தொங்க உட்கார்ந்திருந்தது. பாக்கியம் அக்காவின் காலில் ஏறிய அட்டையை அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே கேக்கல தம்பி. இன்னும் மேல போகணுங்களா?"

எனக்கு அழுகை வராத குறை. எல்லோரையும் இறக்கிக் கூட்டிவந்து, போனைப் பூட்டி, ஒன்பதை அழுத்தி, கட்டார் எண்ணை நானே அடித்தேன். மணி அடித்தது. எல்லோரும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கண்ணு, சாப்டியாடா? பொண்ணு தங்கமா இருக்கு. எங்கால்ல ஏறுன அட்டைய அதுதான் புடுங்கிச்சு. நீ என்னா சொல்ற?"

சிங்கள வாடையோடு ஒரு குரல்: "சாப்டாச்சு அம்மா. ஆனா எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சே. யாரு பேசுறது?"

"ஐயோ, தொரைங்களா!" பாக்கியம் அக்கா பதறி எழுந்து நின்றார்.

வெளிநாட்டு எண்ணும் சைபரில்தான் தொடங்கும். ஒன்பதை வெட்டிய பெட்டி மேலிருந்து வாசித்தது. மேலே துரை இருந்தார். பட்டியலில் துரையைக் கீழே இறக்கி வெளிநாட்டை மேலே ஏற்றினேன். மறுபடி அடித்தபோது மகன் கிடைத்தான்.

"அம்மா, ஒடனே வேலைக்கு ஓடணும். பொண்ணு எப்படி?"

"ஒங்கிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் தொரைகிட்ட சொல்லிட்டேன்டா. சரின்னு சொல்லு!"

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

கல்யாணத்துக்குத் துரையும் வந்தார். அவர் முன்னால் தலை நிமிராத பாக்கியம் அக்காவிடம் போய், "அம்மா, நான் இன்னும் சாப்பிடல்ல" என்றார். அக்கா அவரைக் கூட்டிப்போய் உட்கார்த்திப் பக்கத்தில் நின்று பரிமாறினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வேலையும் தப்பியது.

இந்தக் கதை என் வீட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. யாராவது நம்பர் மாறி எங்கள் வீட்டுக்கு அடித்தால், என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள்.