பெஞ்சில் உட்கார மறுத்த கிச்சு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அங்கே உட்கார்ந்தால் என் குரலை மின்விசிறி தின்றுவிடும். கல்கத்தா டாலிகஞ்சில் இருக்கிற சுந்தரவல்லியின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அன்று காலை ஆறரை மணிக்குக் காபி டம்ளரோடு டிவியைப் போட்ட சுந்தரவல்லி அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் மாலை அவள் தன் கையால் பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளை, திரையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் விவரம் ஓடியது. ஆட்டம் நாற்பத்தெட்டு நிமிடம், நாற்பத்தெட்டும் ஆடியிருக்கிறான். உடம்பில் மிச்சமிருக்கிற தெம்பு பன்னிரண்டு சதவீதம். முட்டியில் பிசகு.

"சந்திராஷ்டமம்னுதானேடா உட்கார வச்சேன்" என்றாள் டிவியிடம்.

அந்தப் பிள்ளை கூடைப்பந்து வீடியோ கேமில் ஓடுகிறவன். ஆனால் முகம் நிஜம். அவளுடைய ஒரே மகன் சாய் கிருஷ்ணா, வீட்டில் கிச்சு, இரண்டு வருடம் முன்பு கனடாவுக்கு வேலைக்குப் போவதற்குமுன் தன் முகத்தைப் படம் பிடித்து அதற்குள் ஏற்றியிருந்தான். கிளம்பும்போது, "அம்மா, அதை மட்டும் தொடாத. எல்லாம் அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்ஸியில் ஏறினான்.

கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளையும் போன பிறகு, அலுவலகம் முடிந்து மெட்ரோவில் வந்து இறங்கி, இருட்டில் சாவித்துவாரம் தடவிக் கதவைத் திறக்கிறவள் எத்தனை நாள்தான் தொடாமல் இருப்பாள்? எட்டாவது மாதம் தொட்டுவிட்டாள். எதுவும் அழியவில்லை. கிச்சு ஓடினான்.

அந்த விளையாட்டைக் குறை சொல்லவும் மனசு வராது. நெற்றியில் வியர்வை அரும்பும், ஷூ தரையில் கீச்சிடும், அவன் காதோரத்து மச்சம்கூட இடம் மாறவில்லை. குறைகளும் இருந்தன. வர்ணனை சொல்கிற இரண்டு பேரும் மூன்றே கதைகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கூட ஆடுகிறவர்கள் பந்து கைக்கு வந்ததும் உறவு மறந்துபோனார்கள். பார்வையாளர்களுக்கு மொத்தம் ஆறு முகம், அதையே அரங்கு முழுக்கத் தூவியிருந்தார்கள். அதில் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி ஒவ்வொரு கூடைக்கும் எழுந்து கைதட்டுவாள். சுந்தரவல்லி அவளைப் பார்த்துத் தலையசைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலையசைக்க வேறு ஆளும் கிடையாது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, கிச்சு அவள் பக்கம் திரும்பவே மாட்டான். பந்தைத்தான் பார்ப்பான்.

உட்கார வைத்தவன் தானாக எழுந்து ஆடுவது முன்பும் நடந்ததுதான். விளையாட்டின் சுபாவம் என்று விட்டுவிட்டாள். இப்போது முட்டி ஆயிற்றே. மகனிடம் கேட்கலாம் என்றால் தொட்டது தெரிந்துவிடும். அவன் ஞாயிறு தோறும் பேசுவான், நாலு நிமிடம். வேலை ஜாஸ்தி, சாயங்காலமானால் நண்பர்களோடு வெளியே போய்விடுகிறேன், நீ சாப்பிட்டாயா என்பான். அவளும் சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் பேச்சு நீளாது.

அதனால் கீழ்வீட்டு மிதாலி பௌதியிடம் போனாள். பௌதி என்றால் அண்ணி. அந்தத் தெருவுக்கே அவர் அண்ணி. கால்பந்து தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை என்ற கொள்கை உடையவர். இருந்தாலும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, ஆடும் நேரம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் நாற்பத்தெட்டு. தெம்பு ஒன்பது சதவீதம்.

அன்று சுந்தரவல்லி அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காளிகாட் காளி கோயிலுக்குப் போனாள். அங்கே பூஜை செய்து வைக்கிற பண்டா, பிள்ளையின் பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கு என்ன உபாதை என்றார். முட்டி என்றாள். எப்படிப் பட்டது என்றார். பன்னிரண்டு வருடம் கல்கத்தாவில் இருந்தும், அதைச் சொல்ல அவளிடம் இருந்த பெங்காலி போதவில்லை. விழுந்துவிட்டான் என்று முடித்துக்கொண்டாள்.

குங்குமத்தை டிவியின் ஓரத்தில் வைத்துவிட்டு மாலையில் உட்கார்ந்தபோது, திரையில் பயிற்சியாளர் வந்து நின்றார். நாளைக்குத் தயாரா என்று கேட்டு, பதிலுக்கு மூன்று வாக்கியம் கொடுத்தார். "நான் ஆட மாட்டேன்" என்பதை அமுக்கினாள். அவர் முகம் சுருங்கியது. அரங்கில் ஆறு முகமும் ஊளையிட்டன. மஞ்சள் சட்டைக்காரியும் சேர்ந்துகொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

காலையில் கிச்சு அதே பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான். இனி எல்லா ஆட்டமும் ஆடுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தான்.

"பெத்தவளைக் கேட்காம வாக்குக் கொடுக்கறியா?" என்றாள்.

இப்படிப்பட்ட பயிற்சியாளரே வேண்டாம் என்று, அன்று மாலை வேறு ஊர் அணிக்கு மாற்றல் கேட்டு அமுக்கினாள். மத்திய அரசு வேலையில் இருக்கிறவளுக்கு மாற்றல் விண்ணப்பம் புதிதா என்ன? உடனே கிடைத்தது. காலையில் அவன் பழைய அணிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மாலையில் அவள் மறுபடி அனுப்பினாள். மூன்றாம் நாள் இரண்டு அணிகளும் சேர்ந்து ஓலை அனுப்பின. இந்த வீரரின் மனநிலை புரியவில்லை, இன்னும் ஒரு முறை இப்படி நடந்தால் ஒப்பந்தம் ரத்து, ஆட்டக்காரர் நீக்கம்.

நீக்கம் என்றால் என்ன என்று அமுக்கிப் பார்த்தாள். பெயர், முகம், எல்லாம் போய்விடும் என்று இருந்தது.

விளையாட்டுக் கம்பெனியின் உதவி எண்ணைத் தேடிப் போட்டாள். எந்த மொழி என்று கேட்டது. தமிழ் இருந்தது. சென்னையிலிருந்து ஏழுமலை என்ற ஒருவர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் தமிழில் அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் சந்திராஷ்டமத்தில் ஆரம்பித்து, முட்டி, காளிகாட், மாற்றல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஏழுமலை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கடைசியில், மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி என்றார்.

"முகம்?"

"முகமும் போயிடும். உங்க பையனை உட்கார வச்சுப் புதுசா ஒரு படம் எடுத்துட்டா முடிஞ்சுது மேடம். அஞ்சு நிமிஷ வேலை."

சுந்தரவல்லி டிவியைப் பார்த்தாள்.

"அவன் இங்க இல்ல தம்பி. உட்கார வைக்கத்தான் ஆளே இல்ல. நொண்டினா நொண்டட்டும், ஓடினா ஓடட்டும். அழிக்க மட்டும் அழிச்சிடாதீங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. விளையாட்டுப் பெட்டியை யார் யார் தொடுகிறார்கள் என்று ஏழுமலை கேட்டார். நான் ஒருத்திதான் என்றாள்.

"இல்லம்மா" என்றார் அவர். மேடம் எப்போது அம்மா ஆனாள் என்று அவருக்கே தெரிந்திராது. "இந்தக் கணக்கு ரெண்டு ஊர்ல திறந்திருக்கு. நீங்க தூங்கற நேரத்துல இன்னொரு ஊர்ல ஆடறாங்க. போன வருஷம் கனடாவிலேருந்து ஒரு புகார் பதிவாயிருக்கு, 'நான் ஆபீஸ் போயிருக்கறப்ப யாரோ என் ஆளைப் பெஞ்சில உட்கார வைக்கறாங்க'ன்னு. ரெண்டு வாரத்துல அவரே அதை வாபஸ் வாங்கியிருக்கார். காரணத்தைப் படிக்கறேன், கேளுங்க: 'கோளாறு இல்லை, என் அம்மா. தயவுசெய்து சரி பண்ணிவிடாதீர்கள். சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்தால், அவங்க வந்துபோனது எனக்கு இதில்தான் தெரிகிறது.'"

அவ்வளவுதான் கண்ணுகளா. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டிலிருந்து யார் யார் எந்தத் தூரத்துக்குப் போயிருந்தாலும், அவர்கள் வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல துணையோடு, சௌக்கியமாக இருக்கட்டும். இருக்கிறவர்களும் அப்படியே இருங்கள்.