முன்பக்கம் மாட்டிய சூரியன்

சூரியனைப் படைத்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சாமானியன் வீட்டுக் கூரையில் ஏற்றிவைத்த பெருமை அந்தக் கட்டுமான நிறுவனத்தையே சேரும்.

மாதிரி வீட்டின் கூரையில் ஒயர்மேன் எட்டுச் சூரியத் தகடுகளைப் பின்பக்கம் பதித்து முடித்திருந்தார். நாள் முழுக்க வெயில் காய்ந்தது அங்கேதான். அன்றைக்கே 'வாடிக்கையாளர் மனமறியும் குழு' மூன்று மணி நேரம் கூடி, ஒரு மாபெரும் தீர்மானத்தை நிறைவேற்றியது: தகடுகள் தெருவிலிருந்து தெரிய வேண்டும்.

"சார், முன்பக்கம் நம்ம பன்னெண்டு மாடிக் கட்டடத்தோட நிழல். வெயில் எட்டிக்கூடப் பாக்காது," என்றார் ஒயர்மேன்.

"யோவ், வெயில் வர்றது முக்கியமா, ஆள் வர்றது முக்கியமா?" என்றார் மேலாளர்.

ஞானம் தானாக வாய் திறக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. ஒயர்மேன் வலிக்கும் முழங்காலோடு மறுபடி ஏறி, எட்டையும் கழற்றி முன்பக்கம் மாட்டினார். திறப்பு நாளில் விளக்கு எரிய வேண்டுமே? பின்சுவருக்கு அப்பால் ஒரு டீசல் ஜெனரேட்டர் 'தற்காலிக ஆலோசகராக' நியமிக்கப்பட்டது. அதற்கு ஒயர் இழுத்ததும் அவர்தான்.

திறப்பு நாள் உச்சி வேளையில், வீடு வாங்க வந்த கூட்டத்தோடு ஒயர்மேனுடைய தங்கையும் மைத்துனரும் வந்தார்கள். பத்து வருடமாகத் தகரக் கூரை போட்ட வாடகை அறையில் வெந்தவர்கள்.

"எங்கண்ணன் கைவச்ச வீடு. கண்ண மூடிட்டு வாங்கலாம்," என்றாள் தங்கை.

கண்ணை மூடிக்கொண்டால் மட்டுமே வாங்க முடியும் என்பது ஒயர்மேனுக்குத் தெரியும்.

"அது என்னண்ணே, பின்னாடி கடகடன்னு சத்தம்?"

மேலாளர் முந்திக்கொண்டார். "சூரிய சக்தி உள்ள எறங்குற சத்தம்மா."

"பின்ன? எவ்ளோ தூரத்துலேருந்து வருது!" என்றார் மைத்துனர்.

தங்கை பேனாவைத் திறந்தாள். "வளையல், தோடு எல்லாம் வித்தாச்சுண்ணே. நீ சொல்லு, கையெழுத்துப் போட்டுடவா?"

மேலாளர் ஒயர்மேனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அடுத்த மாதச் சம்பளம் ஊசலாடியது. ஒயர்மேன் நேராகப் பின்பக்கம் போய் ஜெனரேட்டரை அணைத்தார்.

குளுமை வெளியே ஓடிவிடாதபடி ஜன்னல்களை அரையடி அகலத்துக்கு வைத்திருந்தார்கள். நடுப்பகலில் சூரிய வீடு கும்மிருட்டானது. மின்விசிறி நாலு சுற்று சுற்றி மூச்சை விட்டது.

மேலாளர் அசரவில்லை. "பாத்தீங்களா! இதவிடக் கம்மியா கரண்ட் செலவு பண்ற வீடு உலகத்துல உண்டா?"

கைதட்டலில் சுவர் அதிர்ந்தது. செல்போன் வெளிச்சத்தில் பதினோரு பேர் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். தங்கை மட்டும் பேனாவை மூடினாள்.

"வாங்க, போலாம்," என்று புருஷனை இழுத்தாள். "இருட்டு நம்ம அறையிலயே நெறைய இருக்கு."

மறுநாள் ஒயர்மேனுக்கு வேலை போயிற்று. நேர்மைக்குப் பேர்போன நிறுவனம் அல்லவா, காரணத்தையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியே கொடுத்தது. அவர் வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்:

"அவ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே பொருளை நிறுத்திய குற்றத்துக்காக."