ஐரீனுக்குப் போர்த்திய பொன்னாடை

மேடையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. யாருக்காவது பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லிட்கமில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், பேச வந்தவர், பாட வந்தவர், ஒலிபெருக்கி பூட்ட வந்தவர் என்று ஒருவரையும் தப்ப விட்டதில்லை. (ஒருமுறை மண்டபத்துக் காவலாளிக்கும் போர்த்தினேன். மனுசன் பயந்துபோனார்.) இந்த வியாதி ஒரு பெரிய பாடகியின் கடைசிக் கச்சேரியில் போய் முற்றியது.

ஐரீன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு காலத்தில் ஒப்பெரா உலகில் கொடிகட்டிப் பறந்தவர். மிலானிலும் வியன்னாவிலும் அவர் பாடி முடித்தால் சனம் எழுந்து நின்று பூ எறியுமாம். அவருடையது பெல் கான்டோ என்கிற பழைய இத்தாலியப் பாணி. குரலை முறுக்காமல், ஒரே மூச்சில் நீளமாக இழுத்து, அதன்மேல் பிருகாக்களை உதிர்ப்பது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் விளங்கியவனைப் போலத் தலையாட்ட எனக்கு நன்றாக வரும். அதனாலேயே அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

பேரும் புகழுமாக இருந்த நேரத்தில் அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. அதோடு மேடை போய்விட்டது. விடைபெறக்கூட முடியவில்லை. கணவரும் இறந்த பிறகுதான் லிட்கமுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயதில் ஒருநாள், சின்னதாக ஒரு கச்சேரி வைக்கப் போகிறேன் என்றார்.

"எனக்கு வேறொன்றும் வேண்டாம். கச்சேரியின் கடைசிப் பாட்டில் வருகிற உச்ச சுரத்தை ஒரே ஒருமுறை சனத்துக்கு முன்னால் முழுசாகப் பாட வேண்டும். அதைப் பாடிவிட்டுப் போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் குறை ஒன்றுதான் எனக்கு." (பேசியது ஆங்கிலத்தில். தமிழ் என்னுடையது.)

அன்றிலிருந்து காலையில் எங்கள் குசினியில் குக்கர் கூவ, மதிலுக்கு அந்தப்பக்கம் ஐரீன் படிப்படியாக மேலே ஏறுவார். சில நாள் அந்தச் சுரம் வரும். பல நாள் பாதியில் நின்றுவிடும். நின்ற நாட்களில் என் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு, "இண்டைக்கும் வரேல்லை, பாவம் மனுசி" என்பாள். எனக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கச்சேரி நாள் வந்தது. முன்வரிசையில் எங்களுக்கு இடம் போட்டிருந்தார். உட்கார்ந்ததும் மனைவி என் மடியைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பையுக்கை என்ன?"

"ஒண்டுமில்லை. ஒரு பொன்னாடை."

"உங்களுக்கென்ன விசரே? இது உங்கட சங்கக் கூட்டமில்லை."

"ஒரு கலைஞரை வெறுமனே அனுப்பிறது எங்கட பண்பாடில்லை, தெரியுமோ?"

"அப்பா, பிளீஸ், டோன்ட்" என்றாள் மகள். பிள்ளைக்கு அனுபவம் போதாது என்று விட்டுவிட்டேன்.

ஐரீன் நன்றாகவே பாடினார். கடைசிப் பாட்டு வந்தது. முடிவை நெருங்கியபோது பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். ஐரீனின் குரல் மட்டும் தனியாக ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது. பிறகு நின்றது. மண்டபம் முழுக்க அமைதி. ஐரீன் ஒரு கையைப் பியானோமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒருவரும் கைதட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பாடகி பாடி முடித்திருக்கிறார், ஒருத்தன் அசையவில்லையே, இதுகளுக்கு ரசனையே கிடையாதா? நான் எழுந்தேன். மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, படியேறி, பொன்னாடையை விரித்து ஐரீனின் தோளில் போர்த்தி, சபையைப் பார்த்துக் கைகூப்பினேன். (படம் எடுக்க வசதியாக ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பியும் நின்றேன்.)

பியானோக்காரர் என்னைப் பார்த்த பார்வையில்தான் பாட்டு முடியவில்லை என்று விளங்கியது. அந்த உச்ச சுரம் இனிமேல்தான் வர வேண்டும். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. சிரித்தபடியே எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. இறங்கி ஓடப் பார்த்தேன். ஐரீன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "போகாதே" என்றார் வாய்க்குள். என்னையும் இழுத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். அப்படியே என்னோடு உள்ளே நடந்துவிட்டார்.

உள்ளே போனதும் ஒரு கதிரையில் உட்கார்ந்து அழுதார். நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை.

"மூச்சை எடுத்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் காற்று" என்றார் ஐரீன். "இன்னும் ஒரு கணம் போயிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நீ தெரிந்துதான் வந்தாயா?"

ஓம் என்று சொல்லியிருந்தால் நான் பெரிய மனிதன். அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

"இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்."

கண்ணீரோடு சிரித்தார். "முடிந்துதான் போனது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாராவது கேட்டால் நீதான் குழப்பினாய் என்றே இருக்கட்டும். உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

அதற்குப் பிறகு மதிலுக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. காலையில் குக்கர் மட்டும் கூவும். போன குளிர்காலத்தில் ஐரீன் போய்விட்டார். அவருடைய நினைவுக் கூட்டத்தில் பியானோக்காரர் பேசினார். சால்வையோடு ஏறி வந்த ஒரு பைத்தியக்காரன் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தச் சுரத்தைக் கேட்டிருப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை உயர்த்திக் காட்டினேன். திரும்பி வரும்போது மனைவி காரின் பின் இருக்கையில் போய் ஏறிக்கொண்டாள்.

இதை இப்போது எழுதுவதில் ஆபத்தில்லை. என் எழுத்தை எங்கள் வீட்டில் யாரும் வாசிப்பதில்லை.

மகளுக்குப் போன மாதம் கலியாணம் முடிந்தது. முதல் விருந்திலேயே மருமகனுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னாள். நடித்தும் காட்டினாள். நான் கைகூப்பி நின்றதை அச்சொட்டாகச் செய்தாள். மருமகனுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, "ஐரீன் அன்ரி அண்டைக்கு அந்த ஹை நோட்டைப் பிடிச்சிருப்பா. அப்பாதான் விடேல்லை, என்னப்பா?" என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "பிடிச்சிருப்பா."