வாய் திறக்காத இயக்குநர்கள்

யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து தொலைத்தால் தேவலை என்று இருந்தது பேலன்ஸ் மேடத்துக்கு.

அது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். கல்லூரியில் கணக்கியல் விரிவுரையாளர். ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவர். அதைப் பற்றியே ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதித் தள்ளியவர். போன பருவத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மேடம், நீங்க நேர்ல ஒரு போர்டு மீட்டிங் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டு வைத்தாள்.

பார்த்ததில்லை. அன்றைக்கு மூக்குடைந்ததுதான். அதற்கப்புறம் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

கேட்ட கம்பெனிகளெல்லாம் கைவிரிக்க, ஒன்று மட்டும் சம்மதித்தது. "வாங்க, பாருங்க. ஆனா மூச்சு விடக்கூடாது."

இப்போது எதிரே நீள மேஜை. அதைச் சுற்றி நான்கு பேர்: ஒரு வழுக்கைத் தலை, ஒரு தடித்த கண்ணாடி, ஒரு முத்துமாலை அம்மாள், ஒரு தாடிக்காரர். வந்தார்கள், மரியாதையாகத் தலையசைத்தார்கள், லேப்டாப்பைத் திறந்தார்கள். அதோடு சரி.

நாம் இருப்பதால்தான் கூச்சமோ? நாற்காலியை மெதுவாக மூலைக்கு இழுத்தார். அது கிறீச்சென்று கத்தியது. நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்து, விறுவிறுவென்று ஏதோ தட்டினார்கள்.

சமாதானமாகச் சிரித்து வைத்தார். நால்வரும் சிரித்தார்கள். மறுபடி தட்டல்.

பேசாமலே முடிவெடுக்கிறார்களா! எந்தப் புத்தகத்திலும் இது இல்லையே! ஆர்வம் தாங்காமல் எழுந்தேவிட்டார்.

"என்னைக் கண்டுக்காதீங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நீங்கபாட்டுக்குப் பேசுங்க."

"ஐயையோ, நாங்களா?" வழுக்கைத் தலை பதறினார். "நீங்க பேசுங்க மேடம். நாங்க குறுக்க வரமாட்டோம்."

"நானா? எதைப் பத்தி?"

"வழக்கமா என்ன பேசுவீங்களோ, அதையே," என்றார் முத்துமாலை அம்மாள்.

வழக்கமாகப் பேசுவது வகுப்பில்தான். இயக்குநர்களே கேட்கிறார்கள், விடலாமா? மேஜையின் தலைப்பக்கம் போய் நின்றார்.

"சேர்மன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறவங்க இயக்குநரே இல்ல!"

நான்கு தலைகளும் ஆடின.

"பார்த்தீங்களா, ஆட்டறீங்க! எதிர்த்துக் கேளுங்க!"

நால்வரும் அதையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டார்கள். மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "இப்படி ஊமையா உட்கார்ந்திருந்தா, உங்களை நம்பிப் பங்கு வாங்கினவங்க கதி என்னாகும்? கொஞ்சமாவது உறுத்த வேண்டாம்?"

தடித்த கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாடிக்காரரோ கண் கலங்க, "இவ்வளவு வெளிப்படையாப் பேசுவீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல மேடம்," என்றார்.

பேலன்ஸ் மேடம் பூரித்துப் போனார். இத்தனை வருஷப் படிப்புக்கு இன்றைக்குத்தான் பலன். ஒரு இயக்குநர் குழுவையே திருத்தியாயிற்று! தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகும்போது கதவு திறந்தது. வரவேற்பறைப் பெண் தலையை நீட்டினாள்.

"ஆராய்ச்சிக்கு வந்த அஞ்சு லெக்சரரும் இங்கயா இருக்கீங்க? மேல் மாடியில போர்டு மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்களே!"