குப்புராஜுக்குச் சால்வை கொண்டுவரும் மாப்பிள்ளைக்கு

இயேசு மரி சூசை துணை

காரிமங்கலம்,
திங்கட்கிழமை காலை.

என்றும் எங்கள் மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆரோக்கிய பிரவீன் அவர்களுக்கு, மாமனார் மரியசூசை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மகள் ஏஞ்சலினும் பெங்களூரில் தேவமாதா கருணையால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் தங்கள் அத்தை ஆரோக்கியம்மாளும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதுவும் படி ஏறும்போதுதான். இரண்டு நாளாகத் தூற்றல். கேழ்வரகு விதைக்க இது போதும் என்று ஒரு கட்சி, போதாது என்று ஒரு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். தாங்கள் கொடுத்த லேப்டாப்பும் சுகம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். எடுத்த எடுப்பில் அங்கே போவது மரியாதை இல்லை என்று மழையிலிருந்து ஆரம்பித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இங்கே வருவதாகவும், காரிமங்கலத்தில் இருக்கும் திரு. குப்புராஜ் என்பவருக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும் என்றும், அவர் வீடு எந்தத் தெரு என்று மாமா விசாரித்து வைக்க வேண்டும் என்றும் போனில் சொன்னீர்கள். நான், ஆகட்டுங்க, விசாரிக்கிறேன் என்றேன். ஒரு வாரமாக விசாரித்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று.

முதலிலிருந்து சொன்னால்தான் தங்கள் கோபம் கொஞ்சமாவது குறையும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தாங்களும் நண்பர்களும் சேர்ந்து செய்கிற 'தகடூர்' என்ற இயக்க முறைமையை ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தீர்கள். இது யாருக்கும் இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், இன்னும் வெளியிடவில்லை, வெளியிடும் முன் யாராவது போட்டுப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினீர்கள். அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சராக இருந்தவன் நான். பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் அடிக்கிற ஆள் தங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை என்று சொல்லி, எழுந்து போகும்போது ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "மாமா, குறை இருந்தா தயங்காம சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. மாப்பிள்ளையிடம் குறை சொல்லுவதா? எங்கள் வம்சத்தில் அந்த வழக்கமே கிடையாது. என் தங்கை மாப்பிள்ளை எங்கள் கிணற்றில் பம்புசெட்டைத் தலைகீழாக இறக்கியபோது, எங்கள் அப்பா தண்ணீரைத்தான் குறை சொன்னார். தாங்கள் புதுக்காரைப் பின்னால் எடுத்தபோது வாசல் முருங்கை சாய்ந்ததே, அதை எப்படியும் வெட்டுவதாகத்தான் இருந்தோம் என்று நான் சொன்னது நினைவிருக்கலாம். இன்றைக்கும் அதையேதான் சொல்லுகிறேன். அப்படிப்பட்டவனிடம் தாங்கள் குறை எழுதும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். தை மாதம் முழுக்க என் பெயரில் நான் அனுப்பிய அறிவிப்புகளைத் தாங்கள் படித்திருப்பீர்கள். 'கணினி திறந்தது. மிக்க நன்றி.' மறுநாள், 'கணினி திறக்கவில்லை. ஆயினும் கறுப்புத் திரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக உள்ளது. மிக்க நன்றி.' அதற்கடுத்த வாரம், 'ஒரே காலையில் மூன்று முறை தானாக அணைந்தது. கரண்டு மிச்சம். மிக்க நன்றி.' ஒவ்வொன்றுக்கும் கீழே தாங்கள் பொறுமையாக, மாமா, இதில் என்ன பிழை என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை, எல்லாம் தங்கள் திறமை என்று நானும் பதில் போட்டேன். பொய்தான். அந்தப் பாவத்தை ஈஸ்டருக்கு முன்பே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். கணினி என்றதும் சாமியாருக்கு இது எந்தக் கட்டளையில் வரும் என்று புரியவில்லை.

மாசி மாதம் ஒரு காரியம் நடந்தது. தங்கள் அத்தையின் தாயாருக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. அசலைக் கரையான் தின்னப் பார்த்து, பாதி தின்றபோது பிடுங்கி, ஸ்கேன் எடுத்து, 'ஆரோக்கியம்மாள்' என்று பெயர் போட்டு ஒரு கோப்புறையில் வைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால், தாங்கள் அத்தைக்குப் போனிலிருந்து அனுப்பிய படங்களோடு அதே பெயரில் இன்னொரு கோப்புறை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆரோக்கியம்மாளே அதிகம், இரண்டு எதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே பெயரில் இரண்டு இருப்பதைச் சுத்தம் செய்யட்டுமா என்று தகடூர் கேட்டது. மாப்பிள்ளை செய்த கணினி கேட்கிறதே, வேண்டாம் என்று சொல்லலாமா? சரி என்று அழுத்தினேன். இரண்டுமே போய்விட்டன. கரையானுக்குத் தப்பிய பாதியும் போயிற்று.

அத்தை அன்றைக்குச் சமைக்கவில்லை. அழவும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைக் கேட்டால் படத்தை எடுத்துத் தருவார், கேளுங்கள் என்றாள். எப்படிக் கேட்கிறது, அவர் செய்ததில் குறை என்று ஆகிவிடாதா என்று நான் இழுத்தேன். அப்போது அவள் சொன்னாள்: "உங்களுக்கு வாய் இல்லைன்னா, வாய் இருக்கிறவன் எவனையாவது கூட்டியாங்க. எங்காத்தா மொகம் எனக்கு வேணும்."

வாய் இருக்கிறவன் என்றதும் எனக்கு ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் குப்புராஜ். பதினெட்டு வரித் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் முழுத்தாளையும் திருப்பி அடிக்கச் சொல்லுவார். அடித்துக் கொண்டுபோனால், இப்போது இரண்டு புள்ளி அதிகம் என்பார். அவர் இப்போது அரூரில் பேரன்களிடம் குறை கண்டுபிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். அவரைக் கேட்காமலே அவர் பெயரில் தங்கள் பக்கத்தில் ஒரு கணக்குத் திறந்தேன். மாப்பிள்ளை, அந்தக் குப்புராஜ் நான்தான்.

எழுதிவிட்டேன். இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

பெயரை மாற்றினவுடன் என் வாய்க்கு எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் அவரிடம் வாங்கியதையெல்லாம் தங்களிடம் கொடுத்துவிட்டேன். அனுப்புநர் குப்புராஜ், காரிமங்கலம் என்பதில் ஆரம்பித்துப் பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, 'கோப்புறையை விழுங்கும் கணினியை ஊருக்கு விடத் துணிந்தவருக்குத் தலையில் கொம்பு முளைத்திருக்கிறதா' என்று கேட்டது நான்தான். அதற்குத் தாங்கள், 'ஐயா, எனக்குக் கொம்பு இல்லை. என் மாமனாரைக் கேட்டுப் பாருங்கள், அவர் சாட்சி சொல்லுவார்' என்று பதில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா ஒளிவதா என்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

ஆனால் கோளாறு கொம்பில்தான் இருந்தது, இல்லையா? எந்த விசைக்குப் பிறகு எந்த விசை அடித்தீர்கள், வரிசையாக எழுதுங்கள் என்று குப்புராஜைத் தாங்கள் கேட்டீர்கள். நான் கோவில் பங்கிலுள்ள பெயர்களையெல்லாம் கோப்புறைப் பெயராகப் போனில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். தெரசா பிழைத்துக்கொண்டாள். சோபனா மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் புலப்பட்டது: கொம்பு மட்டும் இருக்கிற எழுத்து தப்பித்துவிடுகிறது, முன்னால் கொம்பும் பின்னால் காலும் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிற எழுத்துத்தான் அகப்படுகிறது. பழைய தட்டச்சுக்காரன் கொம்பைத் தனியாக அடிப்பான், எழுத்தை அடிப்பான், பிறகு காலைத் தனியாக அடிப்பான். தாங்கள் போனில் அடிக்கும்போது கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்து விழுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒரே 'ரோ'. கணினிக்கு அது வேறு, இது வேறு. பெயர் வைக்கும்போது இரண்டு ஆள் என்கிறது, சுத்தம் செய்யும்போது ஒரே ஆள்தான் என்று இரண்டையும் வழித்தெறிகிறது. தங்கள் பெயரிலும் அதே 'ரோ' இருக்கிறது, தங்கள் கோப்புறையும் ஒரு நாள் போயிருக்கும். என் பெயரில் அந்தச் சேர்க்கை இல்லை. அதனால்தான் என் பெயரை மட்டும் அடித்து அடித்துப் பார்த்து, தகடூரில் ஒரு குறையும் இல்லை என்று தை மாதம் முழுக்கச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

தாங்கள் மூன்று நாள் விடாமல் உட்கார்ந்து அதைச் சரிசெய்தீர்கள். யாரென்றே தெரியாத, வாய்க்கு வந்தபடி ஏசிய ஒரு குப்புராஜுக்கு, அழிந்துபோனதை எப்படி மீட்பது என்று வரிவரியாக எழுதி அனுப்பினீர்கள். ஒவ்வொரு வரியாக அடித்தேன். படம் வந்தது. அத்தை திரையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை, அந்த நன்றியை அன்றைக்கே தங்கள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏசியவன் குப்புராஜ், அழுதவன் மரியசூசை, இதில் யார் வந்து நன்றி சொல்லுவது? ஆகவே குப்புராஜ் பெயரில் 'குறை நீங்கியது' என்று இரண்டே வார்த்தை போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இப்போது மரியசூசை சொல்லுகிறேன். நன்றி. கோடி நன்றி. தங்களை எங்களுக்கு மாப்பிள்ளையாகக் கொடுத்த ஆண்டவருக்கும் நன்றி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குப்புராஜுக்கு ருசி கண்டுவிட்டது. சனிக்கிழமைதோறும் புதுப் பதிப்பு வரும், சனிக்கிழமைதோறும் இரண்டு மூன்று குறை போகும். நாற்பத்தாறு ஆயிற்று. தாங்களும் அவரிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தீர்கள். மாமனார் வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் நாட்டுக்கோழி அடித்துப் போடுகிறார்கள், எனக்குக் களியும் கீரைக் கடைசலும்தான் உயிர், அதை மாமாவிடம் எப்படிச் சொல்லுவது என்று அவரிடம் கேட்டிருந்தீர்கள். மே மாதம் தாங்கள் வந்தபோது இலையில் திடீரென்று களி வந்ததே, அது எப்படி என்று யோசித்தீர்களா? மாப்பிள்ளைக்குக் களி போட்டால் ஊர் சிரிக்கும் என்று அத்தை அழாத குறைதான். தாங்கள் நான்கு உருண்டை சாப்பிட்டீர்கள். நாங்கள் உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் வந்த கடிதம்தான் என்னை உலுக்கிவிட்டது. 'ஐயா, எனக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குப் பெரியவர் யாரும் இல்லை. நீங்கள் சொல்கிறீர்கள். என் மாமனார் தங்கமான மனிதர். ஆனால் ஆறு வருஷமாக என்னை விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்' என்று குப்புராஜுக்கு எழுதியிருந்தீர்கள். மரியாதை மரியாதை என்று ஆறு வருஷமாகத் தங்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன். அந்தச் சால்வையை நான் எந்த முகத்தோடு வாங்குவது? என்னை மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு வார்த்தை ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மகளுக்கும் தங்களுக்கும் எல்லா நலனும் ஆண்டவர் அருள, குழந்தை இயேசு தங்கள் வெளியீட்டு நாளைக் காக்க, கண்ணீரோடும் ஆசீர்வாதத்தோடும்,

தங்கள் மாமனார்,
ம. மரியசூசை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஏஞ்சலின் போன் செய்தாள். அத்தை சும்மா இருக்காமல் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். மகள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "அப்பா, அவருக்கு மொத நாளே தெரியும்பா. பொருள், பார்வை, தங்கள் கீழ்ப்படிந்துள்ளன்னு எழுதி உலகத்துல எவன் பிழை அறிவிப்பான்? சொல்லிட்டா நீங்க நிறுத்திருவீங்கன்னு பேசாம இருந்தாரு." அப்படியானால் களியைப் பற்றி எழுதியது யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றாள். விருந்தாளி என்று எழுதியது? அதுவும் உங்களுக்குத்தான் என்றாள். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

ஆகவே மேற்படி கடிதத்தை முழுமையாக ரத்து செய்கிறேன். நான் குப்புராஜ் அல்ல. அவர் வேறு ஆள், நேர்மையானவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியூர் போகிறார். சால்வையை என்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். கீரை பறித்து வைக்கிறோம், கோழி இல்லை. தகடூர் பற்றிய குறைகளை அவரே தொடர்ந்து அனுப்புவார். கீழே உள்ளது மட்டும் என்னுடையது.

குறை எண் 47.
பெறுநர்: மாப்பிள்ளை.
பொருள்: முருங்கை மரம்.
அதை வெட்டுவதாக நாங்கள் இருந்ததே இல்லை. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரம். கண்ணாடியைப் பார்க்காமல் காரைப் பின்னால் எடுத்தது தங்கள் தப்பு. வருகிற ஞாயிறு ஒரு போத்து கொண்டுவந்து, தங்கள் கையாலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகவும்.
அறிவித்தவர்: மரியசூசை.