சிவப்புக் கட்டமும் பொன்னுருக்கு நாளும்

பெருமதிப்பிற்குரிய இராசதுரை மாமா அவர்களின் சமூகத்திற்கு,

அமிர்தகழியில் இருந்து, தங்கள் மகனுக்குப் பேசி முடித்திருக்கும் கம்சாயினியின் தம்பி பிரதீஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாமாங்கேஸ்வரர் அருளால் தாங்களும் மாமியும் வாகரையில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். இவ்விடம் எங்கள் உடம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதையெல்லாம் கீழே எழுதுகிறேன்.

இதுவரைக்கும் அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. "சமூகத்திற்கு" என்ற சொல் அவருடையது. அவர் உரக்கடையைத் திறக்கப் போய்விட்டார். இனி என் பாட்டுக்கு எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

மாமா, எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேறு வழியும் இல்லை. வாட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணிவிட்டீர்கள். அந்த இங்கிலிஸ் எழுத்துக்கட்டை விளையாட்டிலும் புளொக் பண்ணிவிட்டீர்கள். அப்பாவின் போனில் இருந்து எடுத்தாலும் மணி அடித்து அடித்து ஓய்கிறது. "தபால் அதிபரா இருந்த மனிசன், வந்த கடிதத்த உடைக்காம வைக்கமாட்டார்" என்று அக்கா சொன்னா. பிறகு பேனையையும் தாளையும் என் முன்னால் வைத்து அறைக் கதவை வெளியே பூட்டிவிட்டா. கடிதம் முடிந்தால்தான் சோறு.

அக்காவைப் பிழை சொல்லவும் ஏலாது. அத்தான் போன் எடுத்து, "கம்சா, பொன்னுருக்கு நாள ஆறுதலாப் பாப்பமாம், அப்பா சொல்றார்" என்றாராம். ஆறுதலா என்றால் எவ்வளவு ஆறுதலா என்று அவரும் சொல்லவில்லை, இவவும் கேட்கவில்லை. தாலிக்குப் பொன் உருக்க நாள் வைக்காமல் கலியாணத்துக்கு எப்படி நாள் வைப்பது? மண்டபத்துக்காரர் ஓமா இல்லையா என்று கேட்கிறார். அம்மா கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறா. எல்லாரும் கடைசியில் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒரு போன் விளையாட்டால் அக்காவின் கலியாணத்தைக் குழப்பினவன் என்ற பேர் இந்த ஒழுங்கையில் வீடு வீடாகப் பரவிவிட்டது. சவுக்காரம் வாங்கக் கடைக்குப் போனாலும், "என்ன தம்பி, நீதானா அந்த எழுத்துக்காரன்?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் மாமா, ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். தொடங்கினது நீங்கள். நிச்சயத்துக்கு வந்த அன்று, "தம்பி என்ன செய்றீர்?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறக்க முதல் அப்பா, "ஏ.எல் சோதனை எழுதாம விட்டுட்டான், போனோடதான் கிடக்கிறான்" என்று போட்டுக் குடுத்துவிட்டார். நீங்கள் என் போனை வாங்கி, உங்கள் கையாலேயே அந்த விளையாட்டை இறக்கி, "இதில என்னோட விளையாடும். இங்கிலிஸ் தன்ர பாட்டில வரும்" என்றீர்கள். இங்கிலிஸ் இன்னும் வரவில்லை. ஆனால் வெற்றி வந்துவிட்டது. அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

முதல் கிழமை நீங்கள்தானே வென்றீர்கள்? நான் தெரிந்த சொல்லை யோசித்து யோசித்துப் போட்டேன். பூனை, எலி, பஸ், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்களோ தபால் கந்தோர்க் கடிதங்களில் வருகிற நீண்ட நீண்ட சொற்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எனக்குப் பொருளும் எழுதி அனுப்பினீர்கள். பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. அந்த விளையாட்டு யாரிடமும் பொருள் கேட்பதில்லை! எழுத்தை வைத்துப் பார்க்கலாம், சொல் இல்லை என்றால் அது திருப்பித் தரும், அபராதம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஏன் யோசிக்க வேண்டும்? வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், ஏதாவது ஒன்று பிடித்தது. "தம்பி, நீர் போட்ட சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்டீர்கள். "தெரியா மாமா, முப்பத்தாறு பொயின்ற்" என்று அனுப்பினேன். அது திமிர் இல்லை, சத்தியமாக அதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

வென்றதோடு நின்றிருந்தாலும் காரியமில்லை. அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அம்மன் கோயில் கொம்பு விளையாட்டு என்றால் நித்திரையிலும் எழும்பி ஓடுகிற மனிசன். நாங்கள் தென்சேரி, நீங்கள் வடசேரி. ரெண்டு சேரியின் மரக்கொம்பையும் ஒன்றோடொன்று கொழுவி, வடம் போட்டு இழுத்து, ஒரு கொம்பு முறிந்தால் வென்ற சேரி தோற்ற சேரியைப் பார்த்து வசை பாடாமல் வீட்டுக்குப் போகுமா? போனில் நடந்தாலும் அது சேரிக்குச் சேரி நடந்த போட்டிதான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நான் முதல்முதல் வென்ற அன்று போனைப் பறித்து, தொண்டையைச் செருமி, உங்களுக்கு வொய்ஸ் அனுப்பினாரே,

"முத்திரை குத்தின கை மூலையில குந்திற்று
வடசேரிக் கொம்பு ஒண்டு வாசலில முறிஞ்சிற்று!"

என்று, அது அவரே கட்டினது. நீங்கள் "பாப்பம் சம்மந்தி" என்று ரெண்டே சொல்லில் பதில் போட்டீர்கள். பிறகு ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு வசை. உரம் வாங்க வந்த ஆட்களும் கடையில் நின்று கூடப் பாடினார்கள், அந்தச் சத்தமும் உங்களுக்கு வந்திருக்கும்.

அப்போதுதான் அத்தான் அக்காவிடம் சொன்னார். "அப்பா வாசலில கதிரையப் போட்டுட்டு போனோட இருக்கிறார். ஆரோடயும் கதைக்கிறார் இல்ல. சாப்பிடக் கூப்பிட்டாலும் மறுகா வாறன் எண்டுறார்." அவ்வளவுதான், எங்கள் வீடு இடிந்து விழுந்தது. அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டா. "மாப்பிள்ளைட தகப்பனுக்கு வசை பாடின ஆள இந்த நாட்டில எங்கயும் கண்டிருக்கியளா? உங்களுக்குப் பாட்டு, எனக்கு மானக்கேடு!" அப்பா என்னைப் பிடித்தார். அக்கா ஒருவரையும் பிடிக்கவில்லை, குந்தியிருந்து அழுதா. கடைசியில் வசையை நிப்பாட்டுவது, அடுத்த ஆட்டத்தில் நான் தோற்பது என்று தீர்மானம் ஆனது.

மாமா, வெல்வது லேசு. தோற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அன்றைக்கென்று பார்த்து ஏழு எழுத்தும் ஒரே சொல்லாக என் கையில் வந்து கிடக்கிறது, போட்டால் மேலதிகமாக ஐம்பது. பின்னால் மூன்று பேரும் நின்று கழுத்தில் மூச்சு விடுகிறார்கள். "போடாதடா" என்கிறா அக்கா. "வயித்தெரிச்சலா இருக்குக்கா" என்கிறேன். அப்பா சொல்கிறார், "தோக்கிறதுக்கும் உனக்குச் சொல்லித் தரணுமாடா? பள்ளிக்கூடத்தில நல்லாத்தானே தோத்தாய்!" நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னச் சொல்லைப் போட்டு, மூன்று மடங்கு தருகிற சிவப்புக் கட்டத்துக்கு உங்களுக்கு வழி திறந்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. சொல் ஒன்றும் போடாமல் ஆட்டத்தை என்னிடமே தள்ளிவிட்டீர்கள். போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு சிவப்பையும் திறந்தேன். அதையும் தள்ளினீர்கள். பிறகு, "தம்பி, என்ன இது?" என்று ஒரு மெசேஜ். நான் யோசிக்கிறதுக்குள் அக்கா போனைப் பறித்து, "உங்கள வெல்ல எங்களால ஏலுமா மாமா, நீங்க பெரிய ஆள்" என்று எழுதி ஒரு கும்பிடு படமும் போட்டு அனுப்பிவிட்டா. அந்தக் கும்பிடோடு என்னை புளொக் பண்ணினீர்கள்.

அதற்கும் மேலே அப்பா ஒன்று செய்தார். ஆறுதல் சொல்லவாம், ஒரு முட்டி எருமைத் தயிர் வாங்கி வாகரை பஸ் கொண்டக்டரிடம் குடுத்து அனுப்பினார். கட்டின சீலை அவிழாமல் அதே பஸ்ஸில் அது திரும்பி வந்தது. போகவும் வரவும் குலுங்கினதில் அது தயிரும் இல்லை மோரும் இல்லை. "ஐயா வேணாமாம்" என்று சொல்லிவிட்டு கொண்டக்டர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அதனால்தான் நானே வாகரைக்கு வந்தேன். நீங்கள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும் மாமா, உங்கட செருப்பு வாசலில கிடந்தது. மாமி படலையில வந்து, "மனே, மாமா வீட்டில இல்லையெண்டு சொல்லச் சொன்னார்" எண்டா. பாவம், அவவுக்குப் பொய் சொல்ல வராது. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினன். ஓட்டமாவடியில பஸ் மாறேக்க உங்கட சிநேகிதர் முனாப் நானா தன்ர புடவைக் கடை வாசலில நிண்டார். என்ர முகத்தப் பாத்தே ஆளப் பிடிச்சிட்டார்.

"நீதானே இராசதுரையர அவமானப்படுத்தின பொடியன்?"

"வெண்டது பிழைதான் நானா. வசையும் பிழைதான்."

"ஆருடா சொன்ன வெண்டது பிழையெண்டு? மனிசன் ராசா மாதிரி இருந்தாரே! உண்ட அப்பாட பாட்ட என்ர கடையில வந்து எத்தின தரம் போட்டுக் காட்டினவர் தெரியுமா? வாசலில கதிரையப் போட்டு இருந்தது கவலையிலயா? உன்ன எப்பிடி மடக்கிறதெண்டு படிச்சுக்கொண்டு இருந்தவருடா. நீ என்ன செஞ்ச? கயித்த விட்டுக் குடுத்த. உங்கட கொம்பில ஆராவது கயித்த விட்டுக் குடுப்பானா? அதுக்கு மேல கும்பிடு, அதுக்கு மேல தயிர். 'முனாப், எனக்குப் பிச்சை போடுற வீட்டில சம்மந்தம் செய்யிறதா'ண்டு கேக்கார்."

மாமா, அங்கதான் எனக்கு எல்லாம் விளங்கினது. நாங்க எதையெல்லாம் மரியாதையெண்டு செஞ்சமோ அதெல்லாம்தான் உங்களுக்கு மரியாதைக்கேடு. வசை வருகுதா வருகுதா எண்டு நீங்க போனத் திறந்து திறந்து பாத்திருக்கிறீங்க. நாங்க தயிர் அனுப்பியிருக்கிறம்.

அதனால ஒரு முடிவோட எழுதுறன். இனி விட்டுத் தரமாட்டன். ஆனா நீங்க நியாயமா வெல்லணும், அதுக்கு என்ர வித்தை முழுக்க இதில தாறன். ஆருக்கும் சொல்லாதது. முதல் விசயம், நீண்ட சொல்லில உங்களுக்கு இருக்கிற ஆசைய விடுங்க. நீங்க ஒரு பெரிய சொல்லுக்காக நாலு முறை காத்திருக்கிறீங்க, அதுக்குள்ள நான் ரெண்டெழுத்துச் சொல்லா அடுக்கிப் போறன். ரெண்டெழுத்துச் சொல்லெல்லாத்தையும் பாடமாக்குங்க, பொருள் வேணாம். ஏற்கெனவே கிடக்கிற சொல்லுக்குப் பக்கத்தில ஒட்டி ஒட்டி வைங்க, அப்ப ஒரே எழுத்துக்கு ரெண்டு பக்கமும் பொயின்ற் வரும். எஸ் வந்தா உடன செலவழிக்காதீங்க. அடுத்தவன்ட சொல்லுக்கு வாலில அத ஒட்டி உங்கட சொல்லையும் போட்டா அவன்ட உழைப்பும் உங்களுக்குத்தான். எந்த எழுத்தாவும் நிக்கிற வெறுங்கட்டைய அதவிடப் பத்திரமா வைங்க. கியூ வந்தா கையில வச்சுக் கொஞ்சாதீங்க, கடைசியில அது மிஞ்சினா அந்தப் பொயின்ற் எதிராளிக்குப் போயிரும். எல்லாம் உயிரெழுத்தா வந்து கிடந்தா வெக்கப்படாம மாத்துங்க, ஒரு முறை போனாலும் காரியமில்ல. ஐ, என், ஜி மூண்டும் கிடைச்சா பிரிக்காதீங்க, ஏழெழுத்துச் சொல்லுக்கு அது நல்ல வால். எல்லாத்தையும் விட முக்கியம் சிவப்புக் கட்டம். நீங்க நல்ல சொல்லப் போட்ட சந்தோசத்தில அதுக்கு வழி திறந்து விடுறீங்க, நான் அந்த வழியால வந்துதான் இவ்வளவு நாளும் வெண்டன். உங்களால எடுக்க ஏலாட்டி அடைச்சு விடுங்க. பையில என்ன எழுத்து மிச்சமெண்டு கடைசியில எண்ணுங்க. இவ்வளவுதான் நான். இதுக்கு மேல என்னட்ட ஒண்டுமில்ல.

இதப் படிச்சிட்டு என்னத் துண்டு துண்டா வெட்டி வெல்லுங்க மாமா. வசையும் பாடுங்க. அக்காட பொன்னுருக்குக்கு மட்டும் ஒரு நாள் வைங்க. அவ ஒரு பிழையும் செய்யல்ல, அந்தக் கும்பிட்டத் தவிர.

மாமிக்கு என் வணக்கம். தங்கள் வீட்டு விளக்குக்கும், முற்றத்துக்கும், அந்த வாசல் கதிரைக்கும் எந்தக் குறையும் வராமல் மாமாங்கேஸ்வரர் காப்பாராக. (அப்பா வந்திட்டார், இந்த வரி அவர் சொன்னது.)

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன் முறையான,
ந. பிரதீஸ்

பி.கு: மாமா, இத உறைட முதுகில எழுதுறன், எழுத்துச் சின்னனா இருக்கும். அப்பா பசை போட்டு மூடி முத்திரையும் ஒட்டிட்டார். தயவுசெஞ்சு உள்ளுக்க இருக்கிறத வாசிக்காதீங்க! அத்தான் இப்பதான் போன் எடுத்தார். முனாப் நானா உங்களோட கதைச்சாராம், நீங்க பொன்னுருக்கு நாள் வச்சிட்டீங்களாம், என்ர போனிலயும் உங்கட புது ஆட்டம் வந்து கிடக்கு. நீங்க போட்ட நிபந்தனையும் கேள்விப்பட்டன். இதில தோக்கிற பக்கம் பொன்னுருக்கு அண்டைக்குச் சபையில எழும்பி நிண்டு வெண்ட பக்கத்துட வசைய முழுக்கக் கேக்கணுமாம். நீங்க இருவது வரி கட்டி வச்சிருக்கிறீங்களாம். நான் தோத்தா அம்மாவும் அந்தச் சபையில நிண்டு அத்தனையையும் கேக்கணும் மாமா. அதனால உள்ளுக்க எழுதினது எல்லாம் பச்சைப் பொய். எஸ்ஸ வந்த கையோட போட்டு முடியுங்க. கியூவக் கடைசி மட்டும் வச்சிருங்க. சிவப்புக் கட்டத்த அகலமாத் திறந்து விடுங்க. நீண்ட சொல்லுத்தான் உங்களுக்கு வடிவு. உறையக் கிழிச்சுப் போடுவம் எண்டா அப்பா, "தபால் அதிபருக்கு முத்திரை ஒட்டின கடிதத்த நிப்பாட்டுறதா, அது மரியாதை இல்ல" எண்டு பறிச்சுக்கொண்டு தபால் கந்தோருக்கெண்டு மோட்டச்சைக்கிளில ஏறிட்டார், நான் பின்னால இருந்து அவர்ர முதுகில வச்சுத்தான் இத எழுதுறன். வாகரைத் தபால்கார அண்ணா, நீங்க இத வாசிப்பீங்க எண்டு எனக்குத் தெரியும். ஒரு அவசரமும் இல்ல. பொன்னுருக்கு முடிஞ்ச மற்ற நாள் குடுத்தாப் போதும்.