சரிப்பா சொன்ன பதிலாள்

உலகத்தில் பதிலாள் வைத்துப் பிழைக்கும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூப்பிட்டால் பதில் வரும். ஆள் மட்டும் வரமாட்டார். அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

இவர் புரோக்ராம் எழுதுகிறவர். அந்தத் தொழிலில் 'ப்ராக்ஸி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உள்ளே அசல் வேலைக்காரன். அவனைப் போலவே பேசும் பதிலாள் ஒருவன் முன்னால். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நேற்றுச் சொன்ன பதிலையே இன்றும் நீட்டுவான், கண்டவரையும் உள்ளே விடமாட்டான், ரொம்பவும் அவசியமென்றால் மட்டும் அசலைத் தட்டி எழுப்புவான். அருமையான ஏற்பாடு. நம்மவருக்கோ அது தலைக்கேறிவிட்டது. ஆபீசில் எதற்கும் முன்னால் ஒரு ப்ராக்ஸியை உட்காரவைத்தார். அதற்கு முன்னால் இன்னொன்றை வைத்தார். கடைசியில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அதோடு விட்டாரா?

வேறு ஊரில் தங்கை வீட்டில் இருக்கும் அவர் அப்பா தினமும் காலையில் செய்தி அனுப்புவார். "சாப்பிட்டியா? நேரத்துக்குத் தூங்கு." இதற்கு அசல் எதற்கு? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நம்மவர் சின்னதாக ஒரு புரோக்ராம் எழுதினார். அது அவர் பெயரிலேயே பதில் போடும்: "சரிப்பா. மாத்திரை போட்டீங்களா?" 'ஆஸ்பத்திரி', 'அவசரம்', 'ஆபரேஷன்' என்று ஏதாவது வந்தால் மட்டும் அவரை எழுப்பும். என்ன பொறுப்பு பாருங்கள்!

எட்டு மாதம் எல்லாம் ஜோராக நடந்தது. "மாமாகிட்ட பேசுங்களேன்," என்பாள் மனைவி. "தினமும் பேசிட்டுத்தானே இருக்கேன்," என்பார் கூசாமல்.

அப்பா மகனைப் பயமுறுத்த விரும்பாத மனிதர். ஆகவே இப்படி எழுதினார்: "செவ்வாய்க்கிழமை கண்ணுல ஒரு சின்ன வேலை இருக்குப்பா. நீ கூட இருக்கியா?"

எழுப்ப வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. பதில் போயிற்று: "சரிப்பா. மாத்திரை போட்டீங்களா?"

செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ப்ராக்ஸியின் பெருமையைப் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தங்கை கூப்பிட்டாள்.

"எங்கண்ணா இருக்கே? டாக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. அப்பா உள்ள போகமாட்டேங்கிறார். 'அவன் சரின்னுட்டான், வந்துடுவான்'னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கார்."

பலகையை அழிக்காமலே ஓடினார். போய்ச் சேர மூன்று மணி நேரம். அதற்குள் அப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்திருந்தார். அதாவது, பதிலாளின் கையை.

கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவர் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"வந்துட்டியா? மாத்திரை போட்டுட்டேன்பா."

இவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இந்த எட்டு மாசமா நீ ஒரு நாள் விடாம கேக்கறே. அதனாலதான் மறக்காம போடறேன். வேலை நடுவுல எப்படிடா ஞாபகம் வெச்சுக்கறே?"

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவமானம் விடவில்லை. அசலானவர் எட்டு மாதம் கழித்து அப்பாவின் கையைப் பிடித்து, முழு மனதோடு, நேரில் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "சரிப்பா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்துத்தான் ஆறுதல் தேடுகிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்கள் என்று எழுந்து போய் விசாரியுங்கள். நீங்கள் எதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்களோ, யார் கண்டார்?